ஐஸ் படாத பாரை

என் கணவர் கொரியாவிலிருந்து திரும்பி வந்தபோது பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார். தடித்த போர்வை, சோறு ஆக்கும் மின்சாரப் பானை, மகளுக்குக் காலில் போடச் சப்பாத்து, எனக்கு முகத்தில் பூச என்னென்னவோ கிறீம். எல்லாம் நல்ல சாமான்தான். பெட்டியில் வைக்காமல் கொண்டுவந்த ஒன்றுதான் எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது. மனிதர் பச்சை மீன் தின்னப் பழகியிருந்தார்.

வந்த கிழமையே தொடங்கிவிட்டார். சந்தியில் ஒரு மீனை வாங்கிவந்து, தோலை உரித்து, கடதாசி மாதிரி மெல்லிசாக அரிந்து, பீங்கானில் பரப்பி, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து, காரத்துக்குப் பச்சைக் கொச்சிக்காயை நறுக்கித் தூவினார். ஏதோ புதுவிதமாகப் பொரிக்கப் போகிறார் என்று நினைத்து நான் தாச்சியைக் கழுவிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்.

"ஐயோ, இஞ்சேருங்க! அடுப்பு இஞ்ச இரிக்கு. கண் தெரியல்லையா உங்களுக்கு?"

"அடுப்பில வைக்க இது என்ன விறகா?" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

ஆரையம்பதியில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். மீன் இல்லாத சோறு எங்களுக்கு விரத நாளில் மட்டும்தான். ஆனால் மீனை நாங்கள் சும்மா விடமாட்டோம். வெட்டி, கல்லில் உரசிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, புளி கரைத்து ஊற்றி, கொதிக்கக் கொதிக்க வைத்து, இனி இதற்குச் சாக இடமில்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கையை வைப்போம். இவரும் அதைத் தின்று வளர்ந்தவர்தான். கண்டறியாத கொரியா போய் நாக்கை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

கதை வேலி தாண்டிப் போக எத்தனை நேரம்? பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்குப் பின்னேரமே வேலியில் தலையை வைத்துவிட்டாள்.

"என்னகா, உன்ட மனிசன் மீனைப் பச்சையாத் தின்னுறாராம், மெய்யா?"

"மெய்தான்கா. நாளைக்கு மீன் கிடைக்கல்லயெண்டா உன்னைத்தான் பாப்பார். நீ வேலிக்கு அங்கால நில்லு."

அவள் சிரித்துக்கொண்டு போய் இன்னும் ஐந்தாறு வீட்டுக்குச் சொல்லியிருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியாட்களுக்கு முன்னால் மனிதரை விட்டுக்கொடுக்க ஏலுமா? வீட்டுக்குள்தான் திட்டினேன்.

திட்டினேன் என்றாலும் ஒரு விஷயத்தில் அந்தப் பச்சை மீனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் கொரியாவுக்குப் போகும்போது மகள் நாலாம் ஆண்டு படித்தாள். திரும்பி வந்தபோது என்னைவிட உயரம். தகப்பனோடு அவள் பேசியது, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த ஓர் அதிகாரியோடு பேசுவது போலத்தான். "அப்பா, தேத்தண்ணி வேணுமா?" "அப்பா, துவாய் கொடியில கிடக்கு." அவ்வளவுதான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். இவர் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்க எனக்குத் தாங்காது. தொலைபேசிக்குள் இருந்தவரை அவளுக்கு நல்ல அப்பா. வெளியே வந்து குசினியில் நடமாடத் தொடங்கிய பிறகு யாரோ ஒரு மனிதர்.

பச்சை மீன் தின்ற இரண்டாவது தடவை, நான் சத்தம் போடுவதைக் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். இவர் ஒரு துண்டை நீட்டினார். எனக்குப் பிடிக்காததைச் செய்வதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. வாங்கி வாய்க்குள் போட்டாள். முகத்தைச் சுளித்தாள், மென்றாள், "பறவாயில்ல" என்றாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குசினி மேசையில் ஒரு பக்கம், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம். கொரியாவில் பனி கொட்டுவது, முதலாளியின் நாய், மீன் தொட்டிக்குள் விழுந்த நேபாளக்காரன், எல்லாக் கதையும் அந்த மேசையில்தான் வந்தது. அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அந்தச் சிரிப்புக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

இவ்வளவும் நடக்கும்போதே இன்னொரு விஷயம் எங்கள் தலைக்கு மேலே நின்றது. கொரியாவில் இவர் வேலை செய்தது கடலோர மீன் பண்ணையில். அடியில் ஒட்டிக் கிடக்கும் ஒரு தட்டை மீனைத் தொட்டிகளில் வளர்ப்பார்கள். அந்த முதலாளி திரும்பவும் வரச் சொல்லிக் கேட்டிருந்தான். மாத முடிவுக்குள் ஆம், இல்லை சொல்ல வேண்டும். போனால் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கிட்ட. அவர் வரும்போது மகள் பள்ளிக்கூடம் முடித்திருப்பாள்.

"இஞ்ச ஒரு தொழில் சரிவந்தா நான் போகமாட்டன்" என்றார்.

எனக்கு அவர் போகக்கூடாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் இல்லாமல் இருந்த வருடங்களெல்லாம் இருந்துபார்த்தாயிற்று. காய்ச்சல் வந்தால் தனியே, கூரை ஒழுகினால் தனியே, மகள் வயதுக்கு வந்தபோது சடங்கில் தகப்பனுக்குப் பதிலாக என் தம்பி நின்றான். இனி எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் குறட்டை விட ஓர் ஆள் எனக்கு வேண்டும்.

தொழில் என்று அவர் கண்டுபிடித்ததும் அந்தப் பச்சை மீனைத்தான். பாசிக்குடாப் பக்கம் வெள்ளைக்காரரும் சீனரும் கொரியாக்காரரும் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்று. அதன் முகாமையாளர் கொழும்புத் தமிழர். இவர் மோட்டார் சைக்கிளில் போய் அவரைக் கண்டு பேசிவிட்டு வந்தார். முகம் முழுக்கப் பல்.

"சனிக்கிழமை ஒரு பீங்கான் மீன் அரிஞ்சு கொண்டுவரட்டாம். ருசி பாத்து நல்லமெண்டா கிழமையில மூண்டு நாள் நாமதான் குடுக்கிற. 'விடிய பிடிச்ச, ஐஸ் படாத மீன்' எண்டு மெனுவில எழுதிப் போடுவாராம்."

ஐஸ் படாத மீன் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பேச்சில்லை, அது ஒரு மரியாதை. ஐஸ் மீன் என்று சொன்னால் மீனைத் திட்டியது மாதிரி. மீன்காரர் வாசலில் வந்து ஹோன் அடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண்ணைப் பார்ப்போம், வயிற்றை அமுக்கிப் பார்ப்போம். வயிறு கல்லு மாதிரி இருக்க வேண்டும், குடல் உள்ளே இருக்க வேண்டும். குடல் எடுத்த மீனைக் கொண்டுவந்து நீட்டினால், "என்ன, அழுகினத எடுத்துப்போட்டு மிச்சத்தை எங்கட தலையில கட்டப் பாக்கிறியா?" என்று நானே எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன். அதனால் கடலிலும் யாரும் குடலை எடுப்பதில்லை. முழு மீனாக, தோணியின் அடியில் கிடந்து, அப்படியே கரைக்கு வரும். அதுதான் நல்ல மீன். இவருக்கும் அதுதான் நல்ல மீன். கொரியாவில் கற்றது அரியும் விதம் மட்டும்தான். மீனைத் தெரிந்தெடுக்கும் புத்தி ஆரையம்பதிப் புத்தி.

சனிக்கிழமை விடிய இவர் கடற்கரைக்குப் போனார். தோணி பிந்தித்தான் வந்ததாம். வெயில் ஏறிய பிறகு ஒரு பெரிய பாரை மீனை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுவது மாதிரி.

"பார் வயித்தை. அமுக்கிப் பார்."

அமுக்கினேன். கல்லு. கண்ணும் பளபளவென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

"நீ தசையைக் கழட்டி வை, நான் குளிச்சிட்டு வந்து அரியிறன்" என்று துவாயை எடுத்துக்கொண்டு போனார். மீன் வெட்டுவதில் என் கைதான் வேகம். மகள் காலையிலேயே கணித வகுப்புக்குச் சைக்கிளில் போயிருந்தாள். குசினியில் நானும் பாரையும்தான்.

வயிற்றைக் கீறினேன். குடலிலும் ஈரலிலும் வெள்ளைச் சுருளாகப் புழு ஒட்டியிருந்தது. இதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. மீன் வெட்டும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். அதற்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. குடலோடு வழித்து வாளியில் போடுவோம், பூனைக்குப் போகும். சமைத்த பிறகு யார் அதை நினைக்கிறார்கள்? நானும் வழித்துப் போட்டேன், கழுவினேன், தசையைக் கழற்றத் தொடங்கினேன்.

வயிற்றுப் பக்கத்து மெல்லிய தசையில், உட்தோலை உரித்தபோது, ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. பேனைக்குள் இருக்கும் சுருள்கம்பியை நசுக்கி வைத்தது போல. நரம்பாக்கும் என்று கத்தி நுனியால் கிண்டினேன். அது சுருள் அவிழ்ந்து, ஒரு முனையைத் தூக்கி, அங்குமிங்கும் தேடியது. கையை உதறிவிட்டேன். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இன்னொன்று இருந்தது. தடித்த முதுகுத் தசைக்குள்ளும் ஒன்று இருந்தது. இந்தத் தசையைத்தான் இவர் அரிந்து ஹோட்டலுக்குக் கொண்டுபோகப் போகிறார்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனிதர் பாடிக்கொண்டு குளித்தார். அவர் குளிக்கும்போது பாடியதை நான் கடைசியாகக் கேட்டது கலியாணம் முடித்த புதிதில்.

நான் கண்டதை எடுத்து எறியலாம். எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், அவர் அரிவார், கொண்டுபோவார், முகாமையாளர் நல்லது என்பார், கொரியாவுக்கு வரமாட்டேன் என்று செய்தி போகும். அதுதான் எனக்கு வேண்டியது. ஆனால் நான் காணாத புழுவை யார் எடுப்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோடு கோபம் என்று தெரியவில்லை. பாரையோடு கோபிக்க முடியுமா? கண்டவள் நான், அதுதான் என் தலைவிதி. வேறு யாராவது வெட்டியிருக்கக் கூடாதா?

என் வாய் எனக்கு எப்போதும் எதிரி. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்த உடனே சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்க, இதில புழு."

"குடல்ல தானே? எந்த மீன்ல இல்ல? எடுத்து எறி."

"குடல்ல இல்ல. தசையில."

குனிந்து பார்த்தார். "இந்தளவுதானே. தேசிக்காய் விட்டாச் செத்துப்போகும். கொச்சிக்காய் இரிக்கு, அந்தப் பச்சைக் களி இரிக்கு. இதெல்லாம் சும்மாவா வைக்கிற?"

பச்சைக் களி என்றது கொரியாவிலிருந்து குழாயில் கொண்டுவந்த ஒரு காரம். மூக்கில் ஏறி உச்சந்தலையைத் திறக்கும்.

"சாகுதோ பாப்பம்" என்றேன்.

ஒரு சின்னப் பீங்கானை எடுத்தேன். தேசிக்காயைப் பிழிந்து, உப்புப் போட்டு, கொச்சிக்காய் நறுக்கி, அந்தக் களியையும் கரைத்து, புழுவைத் தூக்கி அதற்குள் விட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் கத்தியைத் தீட்டி அரியத் தொடங்கினார். என்ன அழகான கை வேலை! துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பூவாக விரித்தார், நடுவில் தேசிக்காய் வட்டம். ஆனால் கண் மட்டும் அடிக்கடி அந்தச் சின்னப் பீங்கானுக்குப் போய்வந்தது. பூ முழுதாக விரிந்து முடிந்தது. புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் உற்சாகமாகக்கூட நெளிந்தது என்று சொல்வேன்.

நான் கையைக் கழுவிவிட்டுக் கைபேசியில் தேடினேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், அனிசாக்கிஸ். ஒரு வகை உருளைப்புழுவின் குஞ்சு. திமிங்கிலம், டொல்பின் இவற்றின் வயிற்றில்தான் அது வளர்ந்து பெரிதாகுமாம். மீனுக்குள் சும்மா காத்துக்கொண்டு கிடக்குமாம். மனிதர் பச்சையாகத் தின்றால் எங்கள் வயிற்றிலும் அதற்கு வளர முடியாது, ஆனால் சும்மா இராது, குடலிலோ இரைப்பையிலோ குத்திக்கொண்டு நுழையப் பார்க்கும். உருண்டு புரளும் வலி வருமாம். சில பேருக்கு வாய்வழியாகக் குழாய் விட்டுத்தான் எடுப்பார்களாம். நன்றாகச் சமைத்தால் சாகும். கடும் குளிரில் ஒரு கிழமை உறையவைத்தால் சாகும். தேசிக்காய்க்குச் சாகாது.

இதுவரை அப்பாவும் மகளும் தின்ற ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏதோ தெய்வம் காத்தது.

அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தது. மீன் செத்த பிறகு புழு குடலை விட்டுத் தசைக்குள் ஏறுமாம். சூட்டில் கிடந்தால் கெதியாக ஏறுமாம். பிடித்த உடனே குடலை எடுத்துவிட்டு மீனை ஐஸில் போட வேண்டுமாம். அதைச் சத்தமாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடல் உள்ளே இருக்க வேண்டும், ஐஸ் படக்கூடாது, முழு மீனாக வெயிலேற வரவேண்டும் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறோம். புழுவுக்கு இதைவிட வசதி யார் செய்துகொடுப்பார்கள்? சமைத்துத் தின்கிறபடியால் தப்பிக்கொண்டிருக்கிறோம்.

இவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அங்க நான் ஒரு நாளும் கண்டதில்ல" என்றார். அந்தச் சின்னப் பீங்கானைத் தள்ளிவைத்தார். "எப்படிக் காணுற? அது தொட்டியில வளர்ற மீன். குளிசை மாதிரி உருட்டின தீனிதான் போடுற. கடலைக் கண்டதே இல்ல. உயிரோட எடுத்து அந்த இடத்திலயே குடலை எடுத்திருவாங்க."

பிறகு முகாமையாளருக்கு அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"சேர், மீனை ஒரு கிழமை நல்லா உறையவச்சிட்டுக் கொண்டுவரட்டா? உங்கட பெரிய பிறீசர்ல வைக்கலாமா?"

"ஐஸ் மீன்னா எனக்குக் கொழும்புல இருந்தே லொறியில வருதே அண்ணே. உங்ககிட்ட வந்ததே ஐஸ் படாத மீனுக்குத்தானே?"

இவர் புழுவைப் பற்றிச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"மீன்னா புழு இருக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியிறத எடுத்துட்டுக் கொண்டு வாங்க. யாரு பாக்கப் போறா? இதுவரைக்கும் இங்க யாரும் செத்ததில்ல. பகல் சாப்பாட்டுக்கு முன்ன வந்துருங்க."

கைபேசி அணைந்தது. பூ மாதிரி விரிந்த பீங்கான் மேசை நடுவில் இருந்தது. பார்த்தால் யாருக்கும் எடுத்துத் தின்னத் தோன்றும்.

நான் சொல்வதைச் சொல்லியாயிற்று. மெய்யைச் சொன்னால், கொண்டுபோகட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் ஒரு மனம் சொன்னது. அதுவும் என் மனம்தான், பக்கத்து வீட்டுக்காரியினுடையது இல்லை.

அவர் எழும்பினார். பீங்கானை மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடினார். கொண்டுபோக எடுத்துவைத்த பெட்டியைத் துடைத்துத் திறந்துவைத்தார். நல்ல சேட்டு ஒன்றைப் போட்டார், தலையை வாரினார், ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை. போகப் போகிறார். போனால் இங்கேயே இருப்பார்.

அந்த நேரம் வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம். மகள். வகுப்பு முடிய முன்னமே ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, பீங்கானை அப்பா கொண்டுபோக முதல் பார்க்க வேண்டுமென்று மிதித்து ஓடிவந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை, முதுகில் புத்தகப் பை.

"ஆ, என்ன வடிவு! அப்பா, எனக்கு ஒண்டு" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக்கைத் தூக்கி ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் வாயைத் திறக்க முதல் அவர் அடித்துவிட்டார். கையில்தான். ஆனால் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மீன் துண்டு பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது.

மகள் அப்படியே நின்றாள். அவளை அவர் அதுவரை அதட்டியதுகூட இல்லை. அதட்டும் உரிமை தனக்கு இல்லை என்று நினைப்பவர் மாதிரித்தான் வீட்டில் நடந்துகொள்வார். சிவந்த கையைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா?" என்று மட்டும் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. அறைக்குள் போனாள். கதவு சாத்துப்பட்டது.

அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு திறப்பை மேசையில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய் ஆர்ட பிள்ளைக்குக் குடுக்கிற?" என்றார்.

என்னைக் கேட்டது மாதிரி இருக்கவில்லை. நான் பீங்கானை எடுத்துப் புளி கரைத்த சட்டிக்குள் கவிழ்த்தேன். அத்தனை கைவேலையும் சட்டிக்குள் விழுந்து வெளுத்தது. வழக்கத்தைவிடக் கூட நேரம் கொதிக்கவிட்டேன். அவர் மகளின் கதவடியில் நின்று, புழுவைப் பற்றி, பண்ணையைப் பற்றி, முகாமையாளரைப் பற்றி, கதவுக்கே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாயால சொல்லியிருக்கலாம்தானே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொல்ல வாய் வரல்ல மகள்."

நெடுநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. மூன்று பேரும் அந்தப் புளியாணத்தோடுதான் சோறு தின்றோம். மீன் நல்ல ருசி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கறி சமைத்துக் கொடுக்கலாமா என்று இரண்டு மூன்று ஹோட்டலில் கேட்டார். கறிக்கு அவர்களிடம் ஆள் இருக்கிறது. கல்லடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கேட்டார். கொரியாவில் மீன் வளர்த்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று பகிடி பண்ணி அனுப்பிவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார். எனக்கு அந்தக் கடையைக் கொளுத்த வேண்டும் போல இருந்தது. மாதம் முடிவதற்கு முதல் நாள், கிணற்றடியில் நின்று கைபேசியில் கொரிய எழுத்தில் ஏதோ தட்டினார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கழுவிய உடுப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டதையே எடுத்து உதறித் திரும்பவும் போட்டேன்.

போகும் நாளில் நான் அழவில்லை. அழுதால் அவர் நின்றுவிடுவார், நின்றால் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியாது. அவரை ஏற்றிய வான் சந்தி திரும்பிய பிறகு குசினிக்குள் போய் ஒப்பாரிதான் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

"ஏன்கா போகவிட்டாய்? ஹோட்டல்ல தொழில் சரிவந்ததாமே?"

"சரிவந்ததுகா. நாங்கதான் சரிவரல்ல" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் போனாள், நல்ல மனுசி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். அவர் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மகளிடம், "கை இன்னும் நோகுதா?" என்று பகிடியாகக் கேட்பார். அவளும், "ஓம், முறிஞ்சு கிடக்கு, மருந்துக்குக் காசு அனுப்புங்க" என்பாள். இப்போது இருவரும் நன்றாகப் பேசுகிறார்கள். கதவு சாத்துவதெல்லாம் இல்லை.

போன ஞாயிறும் அப்படித்தான் கேட்டார். அவள் பகிடி பேசவில்லை.

"அப்பா, அண்டைக்கு நான் கொஞ்சம் பிந்தி வந்திருந்தா நீங்க வெளிக்கிட்டுப் போயிருப்பீங்க, என்ன?"

"ஓம் மகள். திறப்பும் கையில எடுத்திட்டன்."

"அப்ப இப்ப இஞ்ச இருந்திருப்பீங்க."

கைபேசியில் அவர் முகம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"நான் வகுப்பு முடிஞ்சே வந்திருக்கலாம்" என்றாள் மகள். "ஏன்தான் கேட்டுக்கொண்டு ஓடிவந்தனோ."

அப்படியில்லை மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை பேசும் வாய், அன்றைக்கு வரவில்லை. அவரும் என்னென்னவோ சொல்லப் பார்த்தார். கடைசியில், "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, வயிறு நிறைய" என்றாள்.

நாங்கள் அன்றைக்கு இன்னும் உலையே வைத்திருக்கவில்லை.